அசுராவின் கோபமும் என் கட்டைவிரலும்

‘அசுராஸ் ராத்’ பற்றி எங்கே பேச்சு வந்தாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் இது வந்துவிடும்: “அது கேமே இல்லைங்க, நடுநடுவுல பட்டன் அமுக்கச் சொல்ற அனிமே.” நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். சொல்வதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, நான் அதை ஆடியதே இல்லை என்பது. யாரோ ஒரு புண்ணியவான் சண்டைகளை வெட்டிச் சுருக்கி, முழுநீளப் படம் மாதிரி யூட்யூபில் ஏற்றியிருந்தார். விடுதி அறையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, லேப்டாப் சூட்டைத் தொடையில் தாங்கிக்கொண்டு அதைப் பார்த்து முடித்தேன். நன்றாகவே இருந்தது. கடைசியில் கண்ணில் கொஞ்சம் ஈரம்கூட. பார்த்தே அழ முடிகிறதென்றால் ஆடுவது எதற்கு? வழக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

போன தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோது சித்தி பையனின் பழைய பிஎஸ்3 இன்னும் உயிரோடு இருந்தது. அலமாரியில் அந்த டிஸ்க்கும் இருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஆடி முடித்தேன். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரைப் பிடிக்க வலது கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் குறிப்பு அதற்காகத்தான். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன்; ஆடும் எண்ணமிருப்பவர்கள் ஆடிவிட்டு வாருங்கள், ஆறேழு மணி நேர வேலைதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2012 பிப்ரவரியில் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் வந்த ஆட்டம். உருவாக்கியது ஃபுகுவோகாவில் இருக்கும் சைபர்கனெக்ட்2, வெளியிட்டது காப்காம். இயக்குநர் செய்ஜி ஷிமோதா, இசை சிகாயோ ஃபுகுதா. சைபர்கனெக்ட்2 அனிமேவுக்குப் புதிதல்ல. 2002-இல் தொடங்கிய அவர்களுடைய ‘.ஹேக்’ தொடரில் ஒவ்வொரு பாகத்துடனும் ஓர் அனிமே டிவிடியையே சேர்த்துக் கொடுத்தார்கள். கதையின் ஒரு பாதி ஆட்டத்தில், மறுபாதி அந்த டிவிடியில். பிறகு ‘நருட்டோ அல்டிமேட் நிஞ்ஜா ஸ்டோர்ம்’ வரிசை. அங்கே கதை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது. சண்டையின் உச்சத்தை அனிமேவைவிடப் பிரமாதமாகக் காட்டுவதுதான் அவர்கள் வேலை. ‘அசுராஸ் ராத்’தில் கதையும் அவர்களுடையதே.

கதை இது. கோமா என்ற அரக்கக் கூட்டத்திடமிருந்து உலகைக் காக்கும் எட்டு தளபதிகளில் ஒருவன் அசுரா. அவன் மகள் மித்ராவுக்கு மந்திரம் என்ற சக்தியைப் பெருக்கும் வரம் உண்டு. தியூஸ் என்ற தளபதி சதி செய்து பேரரசரைக் கொன்று, பழியை அசுராவின்மேல் போடுகிறான். அசுராவின் மனைவி துர்கா கொல்லப்படுகிறாள், மகள் பிடிபடுகிறாள், அசுரா வானத்திலிருந்து தள்ளப்பட்டுச் சாகிறான். பன்னிரண்டாயிரம் வருடம் கழித்து நரகத்திலிருந்து ஏறி வருகிறான். மிச்சமிருந்த ஏழு பேரும் அதற்குள் தெய்வங்களாகிவிட்டார்கள். உலகைக் காப்பாற்றுவதாகச் சொல்லி மனித உயிர்களை அறுவடை செய்துகொண்டிருக்கிறார்கள், மனிதர்களும் கைகூப்பிக்கொண்டு உயிரைக் கொடுக்கிறார்கள். அசுராவுக்கு உலகமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மகள் எங்கோ அழுதுகொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

மொத்தம் பதினெட்டு அத்தியாயம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பங்கேற்றவர்களின் பெயர்கள் ஓடும். நடுவில் விளம்பர இடைவேளைக்கு விடுவதுபோல ஒரு படம் வந்து போகும் (விளம்பரம்தான் இருக்காது). முடிவில் ஒரு குரல் அடுத்த அத்தியாயத்தைப் பற்றி உருக்கமாகப் பேசும். தொலைக்காட்சி அனிமேவின் இந்தச் சட்டகத்தை முதலில் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது இவர்கள் இல்லை. 1996-இல் சேகா சாட்டர்னில் வந்த ‘சகுரா டைசென்’னிலேயே இடைவேளைப் படமும் அடுத்த அத்தியாய முன்னோட்டமும் உண்டு. அந்த ஆட்டம் இன்னொன்றும் செய்தது. யாராவது உங்களிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அந்த மௌனமும் ஒரு பதில், எதிரே நிற்கும் பெண் அதற்கேற்ப முகம் மாறுவாள். ‘பட்டன் வைத்த அனிமே’ என்று இளக்காரமாகச் சொல்பவர்களுக்கு இதை ஒருமுறை ஆடக் கொடுக்கலாம். பட்டனை அமுக்காமல் இருப்பதைக்கூடக் கதையாக்கிய ஆட்டம் அது.

இன்னும் பின்னால் போனால் 1983. டான் ப்ளூத்தின் ‘டிராகன்ஸ் லேயர்’ லேசர் டிஸ்க்கில் ஓடும் கார்ட்டூன்; சரியான நொடியில் சரியான பக்கம் குச்சியைத் தள்ளினால் படம் தொடரும், இல்லாவிட்டால் வீரன் சாவான். அதே வருடம் அமெரிக்காவில் ‘கிளிஃப் ஹேங்கர்’ என்று ஒன்று வந்தது. இரண்டு லூபின் படங்களிலிருந்து காட்சிகளை எடுத்து அப்படியே ஆட்டமாக்கியிருந்தார்கள். ஒன்று 1979-இல் மியாசாகி இயக்கிய ‘காக்லியோஸ்த்ரோ கோட்டை’. மியாசாகி என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாத காலத்தில், ஆர்கேடில் காசு போட்டு அவருடைய படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஆட்டங்களிலெல்லாம் பட்டன் ஒரு சுங்கச்சாவடி. கட்டினால் படம், இல்லையென்றால் திரும்பிப் போ. பிறகு 1999-இல் யு சுசுகியின் ‘ஷென்மூ’ இதற்குக் குவிக் டைம் ஈவென்ட் என்று நாகரிகமாகப் பெயர் வைத்து, காட்சிக்கு நடுவே திடீரென்று பட்டன் கேட்கும் பழக்கத்தை நிலைநிறுத்தியது. அடுத்த பத்து வருடம் அந்தத் தொல்லை எல்லா ஆட்டத்திலும். தூங்கி வழிந்துகொண்டு காட்சியைப் பார்க்கும்போது ‘எக்ஸ்’ அமுக்கு என்று வரும், அமுக்குவதற்குள் செத்திருப்போம்.

‘அசுராஸ் ராத்’ வந்தபோது விமர்சகர்களுக்கு இந்தச் சலிப்பு தலைக்குமேல் ஏறியிருந்தது. இதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். ஏனென்றால் ஆடிப் பார்த்தால் இது சுங்கச்சாவடி இல்லை. பெரும்பாலான இடங்களில் பட்டனைத் தவறவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மதிப்பெண் குறையும், கதை போகும். ஷிமோதா குழுவுக்குப் பட்டன் வேறெதற்கோ தேவைப்பட்டிருக்கிறது.

எதற்கு என்பது சண்டைகளில்தான் தெரியும். சாதாரணமாக ஒரு சண்டை ஆட்டத்தில் எதிரிக்கு ஓர் உயிர்ப்பட்டை இருக்கும். அடிக்க அடிக்கக் குறையும், தீர்ந்தால் செத்தான். இதில் அது கிடையாது. திரையில் இருப்பவை அசுராவின் பட்டைகள் மட்டும், அவற்றில் முக்கியமானதன் பெயர் பர்ஸ்ட். அடித்தாலும் நிரம்பும், நெருக்கடியான நேரத்தில் சரியான பட்டனைத் தொட்டாலும் நிரம்பும். நிரம்பியதும் ஆர்2-வை அமுக்கினால் அசுரா வெடிப்பான், காட்சி அடுத்த கட்டத்துக்குத் தாவும். அதாவது நீங்கள் எதிரியைக் குறைத்துக்கொண்டிருக்கவில்லை. அசுராவின் கோபத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிரிக்கு எவ்வளவு அடி விழுந்தது என்று ஆட்டம் கணக்கே வைப்பதில்லை, உங்களுக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்பதுதான் கணக்கு.

அனிமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய இலக்கணம். நாயகன் அடி வாங்குவான், வாங்குவான், வாங்கிக்கொண்டே இருப்பான். யாரோ ஒருவர் சாவார் அல்லது அழுவார். ஒரு நொடி மௌனம். அப்புறம் முடி நட்டுக்கொண்டு நிற்கும். பார்வையாளர்களாக நாம் அந்த நொடிக்குக் காத்திருப்போம். யூட்யூபில் நான் பார்த்ததும் அந்த நொடிகளைத்தான், ஏனென்றால் வெட்டி ஒட்டியவர் காத்திருப்பை வெட்டிவிட்டார். சண்டைகள் ‘போர்’ என்று நினைத்திருப்பார். கையில் கண்ட்ரோலர் இருந்தபோது அந்தக் காத்திருப்பு முழுக்க என்னுடையதாக இருந்தது. பட்டை நிரம்பிவிட்டது, ஆர்2 மின்னிக்கொண்டிருக்கிறது, அமுக்கவில்லை. இன்னும் நாலு குத்து. இப்போது. இந்த ‘இப்போது’ அனிமேவில் இயக்குநருடையது. இங்கே அதைக் கொஞ்சம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வைசன் சண்டையை எடுத்துக்கொள்வோம், எல்லோரும் மீம் போடும் இடம். ஏழு தெய்வங்களில் ஒருவனான வைசன், தோற்கத் தோற்க உருப்பெருத்து, கடைசியில் பூமியைவிடப் பெரியவனாகி, வானத்திலிருந்து ஒரு விரலை நீட்டி அசுராவை நசுக்க வருகிறான். அந்த விரலுக்குக் கீழே ஒரு புள்ளி மாதிரி அசுரா. ஒரே பட்டன். அதை வெறித்தனமாகத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட அசுராவுக்கு ஆறு கை முளைத்து, அத்தனை கையாலும் அந்த விரலைக் குத்துகிறான். யூட்யூபில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். ஆடும்போதும் சிரிப்பு வந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த சிரிப்பு. சித்தி பையன் பக்கத்தில் உட்கார்ந்து “விடாத, விடாத” என்று கத்துகிறான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சித்தி எழுந்து வந்து, என்னவோ ஏதோ என்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் தட்டாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? திரும்ப அதே இடத்திலிருந்து தட்டியிருப்பேன். வைசன் எப்படியும் வெடித்துச் சாகத்தான் போகிறான், கதை எழுதியாகிவிட்டது. அப்படியானால் என் தட்டலுக்கு என்ன மதிப்பு? தேர்வடம் பிடித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. நூற்றுக்கணக்கான பேர் இழுக்கும் தேர் நான் கைவைக்காவிட்டாலும் நிலைக்கு வரும். அதற்காக வடம் பிடித்தவனும் மாடியிலிருந்து பார்த்தவனும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. உள்ளங்கை எரிச்சல் ஒருத்தனுக்குத்தான் இருக்கும். ஊடாட்டம் என்றாலே கதையை மாற்றும் உரிமை என்று விளையாட்டு விமர்சனத்தில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கதையை மாற்ற முடியாது என்று தெரிந்தும் தோள் கொடுப்பது இன்னொரு வகை. அதற்கு நல்ல பெயர் யாரும் வைக்கவில்லை, அதனால் அதை ‘கேமே இல்லை’ என்கிறார்கள்.

இதை நுட்பமாகச் செய்த இடமும் உண்டு. கதையில் ஒரு கட்டத்தில் அசுராவுக்குக் கைகளே இல்லை. ஒரு கிராமத்தில், மகளைப் போலவே முகமுள்ள ஒரு சிறுமிக்காகக் கோமாக்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. அதுவரை குத்துவதற்குப் பழகிய அதே பட்டனை அமுக்கினால் இப்போது குத்து வராது, உதையும் தலைமுட்டும்தான் வரும். ஒரு வசனம் கிடையாது, விளக்கம் கிடையாது. இல்லாத கையை என் விரல் தேடியது. இந்த அனுபவம் யூட்யூப் படத்தில் இல்லவே இல்லை. அங்கே கையில்லாத ஒருவன் உதைப்பதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஆகஸ். அசுராவின் குரு, சண்டைக்காகவே வாழ்பவன். இருவரும் வெந்நீர் ஊற்றில் குளித்து, சாகே குடித்து, பரிமாறும் பெண்ணை ஓரக்கண்ணால் பார்ப்பதற்குக்கூட ஆட்டம் ஒரு பட்டன் தருகிறது (இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது). கொஞ்ச நேரத்தில் நிலாவில் சண்டை. பின்னணியில் த்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி. ஆகஸின் வாள் நீண்டு நீண்டு நிலாவிலிருந்து பூமிவரை போகிறது, நுனியில் அசுரா. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஆகஸுக்கு அசுராவின்மேல் கோபமே இல்லை, அசுராவுக்கும் குருவின்மேல் பெரிதாக இல்லை. இருந்தாலும் பர்ஸ்ட் பட்டை வழக்கம்போல நிரம்புகிறது. அங்கேதான் எனக்கு முதல்முறை உறுத்தியது. கோபம் எதற்காக என்பது மறந்துபோய், கோபப்படுவது மட்டும் மிஞ்சிய இடம் அது. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

இங்கே கொஞ்சம் பெயரைப் பற்றிப் பேச வேண்டும். மந்திரம், நரகம், பிரம்மாஸ்திரம், சக்கரவர்த்தி என்று நமக்குத் தெரிந்த சொல்லாகக் கொட்டிக் கிடக்கிறது. கோமாக்களின் தலைமைப் பூதத்தின் பெயர் விலித்ரா. வேதத்தில் இந்திரன் கொல்லும் விருத்திரன்தான் ஜப்பானிய உச்சரிப்பில் இப்படித் திரிந்து நிற்கிறான். சூரசம்ஹாரத்தில் யானைத்தலை, சிங்கத்தலை என்று மாறி மாறி வரும் சூரனைக் குழந்தையாகத் தோளில் உட்கார்ந்து பார்த்த நமக்கு அசுரன் என்றால் எந்தப் பக்கம் என்று சொல்லித்தரத் தேவையில்லை. ஜப்பானுக்கு அந்தச் சொல் பௌத்தத்தோடு போனது. அங்கே அஷுரா புத்த தர்மத்தைக் காக்கும் எட்டு வகைக் காவலர்களில் ஒருவர். யக்ஷரும், அதாவது யாஷாவும் அந்த எட்டில் உண்டு. ஆட்டத்திலும் எட்டு தளபதிகள், அசுராவின் மைத்துனன் பெயர் யாஷா. நாராவில் கோஃபுகுஜி கோயிலில் 734-இல் செய்த அஷுரா சிலை ஒன்று இருக்கிறது. மூன்று முகம், ஆறு மெல்லிய கைகள், இரண்டு கை கூப்பியபடி. முகம் அரக்கனுடையது இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ நினைத்து வருந்தும் ஒரு பையனுடைய முகம். ஜப்பானியர்களுக்கு அசுரன் என்றதும் அந்த முகம் ஞாபகம் வரும் என்பதை வைத்துத்தான் ஆட்டத்தின் ஆறு கைகளைப் பார்க்க வேண்டும்.

கதையும் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். இந்திராணி அசுர குலத்துப் பெண், புலோமனின் மகள். அவளை இந்திரன் கொண்டு போய்விடுகிறான். நம் புராணங்களில் இது போகிற போக்கில் வரும் செய்தி. ஜப்பானிய பௌத்தக் கதைசொல்லலிலோ இதுதான் அஷுராவின் ஆதிக்கதை: மகளைப் பறிகொடுத்த தகப்பன் இந்திரன்மேல் படையெடுக்கிறான், தோற்கிறான், திரும்பப் போகிறான், தோற்கிறான், ஓய்வதே இல்லை. அவன் கோபம் நியாயமானதுதான். ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டதால் ஓயாத சண்டையின் உலகத்தில் விழுந்தான் என்று அங்கே சொல்வார்கள். அறு பிறவி உலகங்களில் ஒன்றுக்கு அவன் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘அசுராஸ் ராத்’ இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, விட்டுவிடு என்று உபதேசிக்காமல், பிடித்துக்கொண்டிரு என்று என் கையில் ஒரு பட்டனைக் கொடுக்கிறது. மின்னல் வீசும் தியூஸ்தான் இங்கே இந்திரன். பட்டனின் வேலை எனக்குத் தெளிவானது இந்த இடத்தில்தான். முடிவெடுக்கச் சொல்லி அதைத் தரவில்லை, அந்தக் கோபத்தை அணையாமல் வைத்துக்கொள்ளத் தந்திருக்கிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், திட்டவும் வேண்டும். பறந்துகொண்டே சுடும் பகுதிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன, நாலாவது தடவை கை தானாக ஆடியது. தரைச்சண்டையில் அடிவகைகள் குறைவு. இதெல்லாம் எல்லோரும் சொன்னது, சரியாகவும் சொன்னது. எனக்குப் பெரிய குறை வேறு. அந்தச் சிறுமி இருக்கிறாளே, மகளின் முகம் கொண்டவள், அவளுக்குப் பெயர்கூட இல்லை. ஓல்காவின் படை அசுராவைக் கொல்லக் கிராமத்தின்மேல் குண்டு பொழிகிறது, அவள் சாகிறாள். அசுரா வெறிபிடித்துப் படையையே அழிக்கிறான். அத்தியாயம் முடிந்ததும் என்ன வருகிறது தெரியுமா? எடுத்துக்கொண்ட நேரம், சண்டைப் புள்ளிகள், பட்டன் ஒத்திசைவு சதவீதம், ரேங்க். குழந்தை செத்ததற்கு ‘ஏ’ வாங்கினேன். அனிமேவின் சட்டகத்தை அவ்வளவு ஆசையாகக் கட்டியவர்கள், அதன் மேலேயே ஆர்கேடின் மதிப்பெண் பலகையைத் தொங்கவிட்டது ஏன்? நல்ல ரேங்க் எடுத்தவர்களுக்குப் பதினெட்டாவது அத்தியாயத்தின் முடிவில் ஒரு ரகசியக் காட்சி திறக்கும் என்பது இன்னும் மோசம். உணர்ச்சியோடு தோள் கொடுத்தவனைவிட, தாளம் பிசகாமல் அமுக்கியவனுக்குக் கதை அதிகம் கிடைக்கிறது.

மித்ராவும் அப்படித்தான். பன்னிரண்டாயிரம் வருடம் அடைபட்டுக் கிடந்தவள் அவள். கொல்லப்பட்டவள் அவள் தாய். கோபப்பட அப்பனைவிட அவளுக்கு உரிமை அதிகம். ஆனால் ஆட்டம் முழுக்க அவள் செய்வது அழுவதும் வேண்டிக்கொள்வதும்தான். அவள் அழுகை அசுராவின் பட்டைக்கு எரிபொருள். யாஷாவாக ஆடுவதற்கு அத்தியாயங்கள் இருக்கின்றன, வெறிகொண்ட அசுராவையே யாஷாவின் கையால் அடிக்க விடுகிறார்கள், அது அருமையான யோசனை. மித்ராவாக ஒரு நிமிடம்கூடக் கிடையாது. பழைய கதையிலும் இந்திராணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயிரம் வருடம் தாண்டி வந்த ஆட்டம் கேட்டிருக்கலாம்.

சரி, முடிவு. பதினெட்டாவது அத்தியாயத்தில் விலித்ரா அழிகிறது, அப்பனும் மகளும் சேர்கிறார்கள், சுபம். டிஸ்க்கில் இருப்பது இதுவரைதான். ‘நிர்வாணா’ என்ற நான்காம் பாகம், நான்கு அத்தியாயங்கள், தனி விலைக்கு இணையத்தில் விற்கப்பட்டது. அப்போது பெரிய சண்டையே நடந்தது. வியாபாரத்தைத் திட்டியவர்கள் திட்டினார்கள், எனக்கு வியாபாரத்தைவிட வடிவம்தான் வருத்தம். ஒவ்வொரு வாரமும் ‘அடுத்த அத்தியாயத்தில்’ என்று சொல்லிச் சொல்லி இழுத்துவந்த வடிவம் அது. அந்தக் குரலை நம்பி வந்தவனிடம் கடைசி வாரத்துக்கு மட்டும் டிக்கெட் கேட்பது தொடர்கதையின் நாணயத்துக்கு அடுக்காது. அதுவும் விட்டது கொசுறு அல்ல, கதையின் பொருளே அங்கேதான் இருக்கிறது. நரகத்தில் அசுராவிடம் பேசிக்கொண்டிருந்த பொன் சிலந்திதான் எல்லாவற்றையும் படைத்த சக்கரவர்த்தி என்று அங்கேதான் தெரிகிறது. இத்தனை வருடக் கோபமும் தனக்கொரு வாரிசைத் தேட அவன் வைத்த பரீட்சை. டிஸ்க்கோடு நிறுத்தியவர்கள் கோபம் ஜெயித்த கதையை ஆடியிருப்பார்கள்.

சித்தி பையன் அதை அப்போதே வாங்கி வைத்திருந்தான். இரண்டாம் ராத்திரி, மணி மூன்றரை இருக்கும், அவன் தூங்கிவிட்டான். சக்கரவர்த்திதான் மந்திரத்தின் ஊற்று. அவன் அழிந்தால் மந்திரம் அழியும், மந்திரம் அழிந்தால் அசுரா இருக்க மாட்டான். மித்ராவுக்கு அது தெரியும், தடுக்கிறாள். முதல்முறையாக அவள் அழுகையும் பட்டனும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கின்றன. இதுவரை அவள் அழுதால் நான் அமுக்குவேன். இப்போது அவள் அமுக்க வேண்டாம் என்று அழுகிறாள். யூட்யூபில் இந்த இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கியது, ஆனால் அங்கே அது தானாக நடந்து முடிந்தது.

டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘சகுரா டைசென்’ மாதிரி மௌனத்துக்கும் ஒரு பதில் இருந்தால் தேவலை என்று இருந்தது. இந்த ஆட்டத்தில் அது கிடையாது. அவளை அழவிடக் கூடாது என்று புறப்பட்டவன், அழுகிற அவளை விட்டுத்தான் போகிறான், போகும்போது முகத்தில் கோபம் இல்லை. நான் அமுக்கினேன். அப்புறம் அந்தப் பாழாய்ப்போன மதிப்பெண் பலகை வருவதற்குள் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.